எந்த "ஸ்விப்ட்" நமக்கு ஏற்றது? மலைச்சாலைக் குடும்பத்தின் கார்க் கணக்கு

அம்பூரியிலிருந்து வெள்ளறடை வழியாகப் பாறசாலைக்கு வருவோருக்கு ஏற்றமும் வளைவும் புதிதல்ல. மழை நாளில் குழந்தைகளையும் வயதான பெற்றோரையும் இரு சக்கர வண்டியில் ஏற்றிச் செல்ல முடியாத குடும்பங்கள், கடன் வாங்கியாவது ஒரு சிறிய கார் வாங்க எண்ணுகின்றன. தோற்றப் பொலிவினால் பலருடைய கண் "மாருதி ஸ்விப்ட்" மீது விழுகிறது. கடைக்குப் போனாலோ எல்.எக்ஸ்.ஐ., வி.எக்ஸ்.ஐ., வி.எக்ஸ்.ஐ. (ஓ), இசட்.எக்ஸ்.ஐ., இசட்.எக்ஸ்.ஐ. பிளஸ் என்று ஐந்து வகைகள்! எதை வாங்குவது?

உயிரா, வசதியா?

2005 மே மாதம் ஸ்விப்ட் முதன்முதலில் விற்பனைக்கு வந்தபோது, இந்த எழுத்துகள் உயிர் சம்பந்தப்பட்டவையாக இருந்தன. மோதலின்போது தலையையும் மார்பையும் காக்கும் காற்றுப் பை உயர்ந்த வகையில் உண்டு, எல்.எக்ஸ்.ஐ.யில் இல்லை. 2024 மே மாதம் வெளிவந்த ஸ்விப்ட்டில் இந்தப் பாகுபாடு இல்லை. ஆறு காற்றுப் பைகள், ஏ.பி.எஸ். பிரேக், வண்டி சறுக்காமல் காக்கும் ஈ.எஸ்.பி., ஏற்றத்தில் நின்று புறப்படும்போது பின்னால் உருளாமல் பிடித்துக் கொள்ளும் அமைப்பு ஆகிய எல்லாம் குறைந்த விலை வகையிலேயே உண்டு.

ஆகவே, கூடுதலாகக் கொடுக்கும் பணம் வசதிக்கே போகிறது. எல்.எக்ஸ்.ஐ.யில் பாட்டுப் பெட்டி இல்லை, வி.எக்ஸ்.ஐ.யில் 7 அங்குலத் தொடுதிரை உண்டு. 15 அங்குல அலாய் சக்கரம் வேண்டுமானால் இசட்.எக்ஸ்.ஐ.; 9 அங்குலத் திரையும் பின்புறக் காமிராவும் வேண்டுமானால் பிளஸ்.

கடனில் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூடுதலாக ஒரு லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை சுமார் 2,075 ரூபாய் உயரும். கடன் தீரும்போது ஒரு லட்சம், ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம் ஆகியிருக்கும்.

ஏற்றத்துக்கு எது?

கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத தானியங்கி கியர் எல்.எக்ஸ்.ஐ.யில் கிடையாது, வி.எக்ஸ்.ஐ. முதல்தான் கிடைக்கும். புதிதாக ஓட்டக் கற்பவருக்கும் முழங்கால் வலி உள்ளவருக்கும் அது உதவும். இறக்கத்தில் கியரைக் கையால் குறைத்துக் கொள்ளும் வசதியும் அதில் உண்டு. பிரேக்கை மட்டும் நம்பி மலை இறங்குவது எந்த வண்டிக்கும் ஆகாது.

சி.என்.ஜி. வகை, சோதனைக் கணக்கின்படி கிலோவுக்கு 32.85 கிலோமீட்டர் ஓடும். சாதாரண கியர் கொண்ட பெட்ரோல் வகை லிட்டருக்கு 24.80. ஆனால் பெட்ரோலில் சுமார் 82 குதிரைத்திறன் கிடைக்கும் இடத்தில், சி.என்.ஜி.யில் ஏறத்தாழ 70தான். சிலிண்டர் பின்பெட்டியையும் அடைத்துக் கொள்ளும். குடும்பத்துடன் ஊருக்கு மூட்டை முடிச்சுகளோடு போகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

பழைய கார் வாங்குவோர்

2018ஆம் ஆண்டு வந்த மூன்றாம் தலைமுறை ஸ்விப்ட் முதல்தான் எல்லா வகைகளிலும் முன்பக்கம் இரண்டு காற்றுப் பைகளும் ஏ.பி.எஸ்.ஸும் இடம் பெற்றன. அதற்கு முந்தைய வண்டியானால், வகையின் எழுத்தைப் பார்த்த பிறகே விலை பேசுவது நலம்.

பதிவு எந்த மாநிலத்தில்?

மார்த்தாண்டத்தில் வாங்கினாலும், வண்டி நிற்பது அம்பூரி வீட்டில் என்றால் கேரளத்தில்தான் பதிய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 40ஆவது பிரிவு. தமிழ்நாட்டு எண் கொண்ட வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதிய எண் பெற வேண்டும் என்பது 47ஆவது பிரிவு. கேரளச் சாலை வரியையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

மாதச் சம்பளக் குடும்பத்துக்கு வி.எக்ஸ்.ஐ. பெட்ரோல் போதுமானது, கை இறுக்கமானால் எல்.எக்ஸ்.ஐ.யும் குறைவானதல்ல. முன்பணம் கட்டுமுன், வீட்டார் அனைவரையும் ஏற்றிக் கொண்டு ஓர் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுத்துப் பார்ப்பது நல்லது. கடையின் விளக்கொளியில் தெரியாதது அங்கே தெரிந்துவிடும்.