100 யூனிட் இலவசம்... வாடகை வீட்டுக்கு வருகிறதா?

ராதாபுரம் பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னலுக்கு வெளியே வரிசையாகக் காற்றாலைகள். இதே தாலுகாவின் கடலோரத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம். தலா 1,000 மெகாவாட்டில் இரண்டு உலைகள் ஓடுகின்றன. இவ்வளவு மின்சாரம் பிறக்கும் மண்ணில்கூட, ஒரே வளவுக்குள் நாலு குடித்தனம் என்றால் ஃபேன் சுற்றுவது கணக்குப் பார்த்துத்தான்.

காரணம், சப் மீட்டர். 2016 மே முதல் தமிழக வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் இந்தச் சலுகை குடும்பத்துக்கு அல்ல, இணைப்புக்கு! நாலு குடித்தனமும் ஆளுக்கு 130 யூனிட் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். தனித்தனி இணைப்பு என்றால் தலா 30 யூனிட்டுக்குத்தான் பணம். ஒரே இணைப்பு என்றால் மொத்தம் 520. நூறு போக 420-க்குக் கட்டணம். 500-ஐத் தாண்டிவிட்டதால் கீழ் அடுக்கின் மலிவு விலையும் போச்சு.

"யூனிட்டுக்கு எட்டு ரூபா, வாடகையோட சேத்துக் குடுத்துருங்க" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டால் ஒரு குடித்தனத்துக்கு 1,040 ரூபாய். மின்வாரியத்துக்குக் கட்டியது போக மிச்சம் எங்கே என்று கேட்க யாருக்கு வாய் வரும்?

சரி, சிக்கனமாவது பண்ணலாமா? பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் 28 வாட்தான். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 34 யூனிட் மிச்சம். வாங்குவது யார்? கரன்ட் பில் தன்னுடையது இல்லை என்பதால் வீட்டுக்காரருக்கு அக்கறை இல்லை. அடுத்த வருஷம் காலி பண்ணச் சொன்னால் என்ன செய்வது என்று குடியிருப்பவரும் யோசிக்கிறார். மொட்டைமாடிக்கு வெள்ளை அடித்தால் வீடு கொஞ்சம் குளிரும், அதுவும் இதே கதைதான். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல், மின்சிக்கனத் தரவரிசையில் 'இ'க்குக் கீழே உள்ள வீட்டை, சில விலக்குகள் தவிர, வாடகைக்கு விடக் கூடாது. நம் ஊரில் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை உண்டு, வாடகை வீட்டுக்கு அது கட்டாயமில்லை.

2022-ல் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது, குடியிருப்பவரின் எண்ணைக் கொடுத்தால் அவர் வீட்டுக்கே உரிமை கொண்டாடுவாரோ என்று பல உரிமையாளர்கள் பயந்தார்கள். வாடகைதாரரும் இணைக்கலாம் என்று மின்வாரியம் விளக்கியது. உரிமையாளர் சம்மதக் கடிதம் தந்தால் புது இணைப்புக்கும் அவரே விண்ணப்பிக்கலாம். அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குவதுதான் பெரும்பாடு.