வீட்டுக்குக் காற்றாலை வாங்குமுன்

தறிவீட்டு விளக்குக்குச் சிறு காற்றாலை வாங்கக் கடன் கிடைக்குமா என்று அங்கத்தினர் சிலர் நம்மை வினவியுள்ளனர். கடனுக்கு முன் காற்றைக் கவனித்தல் வேண்டும். 'ஆயிரம் வாட்' என்று விற்பனையாளர் கூறுவது பெரும்பாலும் வினாடிக்கு 11 அல்லது 12 மீட்டர் வேகக் காற்றுக்கே பொருந்தும். வேகம் பாதியானால் மின்சாரமும் பாதியாகும் என்று கருதலாகாது. எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆயிரம் வாட், ஏறத்தாழ 125 வாட்டாகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே முதல் செப்டம்பர் வரை நல்ல காற்று உண்டு. தோப்பு நடுவிலுள்ள வீட்டுக்கு அது கிட்டாது.

ஆகவே இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டத்தைக் கேளுங்கள். அது இருமடங்கானால் காற்றைப் பிடிக்கும் பரப்பு நான்கு மடங்காகும். கோபுரம், 300 அடிக்குள் உள்ள மரம், கூரை யாவற்றினும் 30 அடி உயர்ந்திருத்தல் நலம். கூரைமேலேயே பொருத்தித் தருவதாகக் கூறுவோரை நாம் நம்புவதில்லை. அங்கே காற்று சுழித்தடிக்கும், சுவர் அதிரும். பாட்டரியையும் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்ற நேரும். கடன் விண்ணப்பத்தில் பலர் எழுத மறக்கும் செலவு அது.