ஸ்போர்ட்ஸ் காரைத் தாழ்த்துதலும் சுகப் பிரயாணமும்

நிலத்தைத் தழுவிச் செல்லும் வண்டி கண்ணுக்கு இனியது. ஆதலின் ஸ்போர்ட்ஸ் கார் வாய்க்கப் பெற்றோர் பலர், அதனை இன்னும் இரண்டொரு விரற்கடை தாழ்த்த விழைகின்றனர். தாழ்த்திய பின்னரோ, சாலையின் சிறு பள்ளமும் முதுகெலும்பில் வந்து தாக்க, செய்த வேலைக்கு வருந்துகின்றனர். தாழ்வும் சுகமும் ஒன்றற்கொன்று பகையோ? அன்று என்பதே யாம் ஆராய்ந்து கண்ட முடிபு. தமிழ் பயிலும் யாம் இயந்திரத்தைப் பற்றி எழுதப் புகுதல் நண்பர் சிலர்க்கு வியப்பாகலாம். ஆயின் காரணம் வினவுதல் எல்லார்க்கும் பொதுவன்றோ?

முதற்கண், தாழ்த்துதலால் வரும் பயன் யாது? கார் வளைவில் திரும்புங்கால் அதன் பாரம் உட்புறச் சக்கரங்களினின்றும் வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகின்றது. இம்மாற்றம் காரின் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைப் பொறுத்தது. அவ்வுயரம் 46 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 2 சென்டிமீட்டர் தாழ்த்தின், பாரமாற்றம் நூற்றுக்கு 4 பங்கு அளவே குறையும். பயன் உண்டு, ஆனால் சிறிது.

இனி, அதற்குக் கொடுக்கும் விலையைக் காண்போம். காரின் உடலைத் தாங்குவது ஸ்பிரிங்கு எனப்படும் சுருள்வில். சக்கரம் மேட்டில் ஏறும்போது வில் சுருங்கி அவ்வதிர்ச்சியை ஏற்கின்றது. அங்ஙனம் சுருங்குதற்கு ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லையில் ரப்பர் போன்ற நெகிழ்பொருளாலாய முட்டு ஒன்று அமைந்திருக்கும். சக்கரம் அம்முட்டின்மேல் மோதுமாயின், வில் இருந்தும் இல்லாததே ஆகும். உடலைத் தாழ்த்துங்கால் குறைவது இம்மேல்நோக்கிய ஓட்டமே.

ஓர் உதாரணம் கூறுவோம். இவ்வோட்டம் 7 சென்டிமீட்டராயிருந்த காரை 2 சென்டிமீட்டர் தாழ்த்தினால் எஞ்சுவது 5. முன்பு 7-இல் ஏற்ற அதே அதிர்ச்சியை இப்பொழுது 5-இல் ஏற்கவேண்டும். வில் ஏற்கும் ஆற்றல் அது சுருங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், வில்லின் விறைப்பு ஏறக்குறைய இருமடங்காதல் வேண்டும். அதனால் வினாடிக்கு 1.4 முறை அசைந்த உடல் 2 முறை அசையும். சுகமான குடும்பக் காரின் அசைவு வினாடிக்கு 1 முதல் 1.5 வரை என்பதை நோக்கின், இழந்தது யாதென்பது விளங்கும். நூற்றுக்கு 4 பங்கு பெறுதற்கு வில்லை இருமடங்கு விறைப்பாக்குகின்றோம்!

இழப்பு சுகத்தளவில் நின்றபாடுமில்லை. கரடான சாலையில் மிக விறைத்த சக்கரம் நிலத்தை விட்டுத் துள்ளும். துள்ளிய சக்கரத்திற்குப் பிடிப்பு ஏது? மழை பெய்த வளைவில் இத்துள்ளல் நேரின், ஆபத்து உயிருக்கே ஆகும். சிலர் பழைய வில்லில் ஒரு சுற்றை அறுத்துவிடுகின்றனர். சுற்றுக் குறையக் குறைய விறைப்பு மிகும். அன்றியும், சக்கரம் கீழே தொங்குங்கால் குறுகிய வில் தன் இருப்பிடத்தினின்றும் நழுவவும் கூடும். இது விலக்கத்தக்கது.

அங்ஙனமாயின் வழி யாது? இழந்த ஓட்டத்தை மீட்டலே வழி. இதற்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 என்னும் ஜப்பானியக் கார் நல்ல சான்று. 1989-இல் சிக்காகோ கண்காட்சியில் வெளிப்பட்ட இக்கார், 2016-இல் பத்து லட்சத்தை எட்டியது. குதிரையும் வீரனும் ஒன்றாதல் என்னும் கருத்தை அதனை அமைத்தோர் குறிக்கோளாகக் கொண்டனர். அதன் எடை ஏறக்குறைய 950 கிலோகிராம். ஆதலின் மெல்லிய வில்லே போதியதாயிற்று. ஆயினும் முதல் தலைமுறைக் காரில் மேல்நோக்கிய ஓட்டம் குறைவு. ஆகவே அதனைத் தாழ்த்துவோருள் அறிந்தோர், இரண்டாம் தலைமுறைக் காரின் ஷாக் அப்சார்பர் மேற்பீடத்தை எடுத்து முதல் தலைமுறைக் காரில் பொருத்துவர். ஷாக் அப்சார்பரின் தண்டு சற்று உயர்ந்த இடத்தில் நிற்பதால், உடல் தாழ்ந்தும் ஓட்டம் மிகுகின்றது. வில்லை விறைப்பாக்குதற்கு முன் இடத்தைத் தேடிய அறிவு இதுவே.

இதனோடு செய்யத்தக்கன வேறு சிலவும் உள. குறுகிய உடலையுடைய ஷாக் அப்சார்பரையும், மெல்ல மெல்ல இறுகும் முட்டையும் அமைத்தல் ஒன்று. வளைவிற் சாய்தலைத் தடுக்கும் பொறுப்பைச் சுருள்வில்லின்மேற் சுமத்தாது, இருபுறச் சக்கரங்களையும் இணைக்கும் சாய்வுத் தடைக்கம்பிக்கு ஓரளவு அளித்தல் மற்றொன்று. பெரிய வளையமும் மெலிந்த டயரும் அழகெனக் கருதாது, பக்கச்சுவர் உயர்ந்த டயரையே கொள்ளுதல் பிறிதொன்று. டயரும் ஒரு வில்லே என்பதை மறத்தலாகாது. முன்பின் வில்களின் இயைபும் முக்கியம். மாரிஸ் ஆலி என்னும் பொறியறிஞர் 1930-களில் அமெரிக்காவில் காடிலாக் கார்களை ஆராய்ந்து, பின்வில்லின் அசைவு முன்வில்லினதைவிடச் சற்று விரைவாயிருத்தல் நன்று எனக் கண்டார். முன்சக்கரம் மேட்டை முதலிற் கடப்பதால், பின்னர்க் கடக்கும் பின்புறம் விரைந்து அசைந்து முன்புறத்தோடு ஒத்துக்கொள்ளும்; கார் தலையாட்டாது செல்லும். வேலை முடிந்தபின் சக்கரங்களின் சாய்வையும் நேர்மையையும் மீண்டும் அளந்து சரிசெய்தல் இன்றியமையாதது. இன்றேல் டயர் ஒருபுறமே தேயும்.

ஆகவே, காரைத் தாழ்த்த விழையும் இளைஞர், "எவ்வளவு தாழ்த்தலாம்?" என்று வினவற்க, "தாழ்த்தியபின் சக்கரம் ஏறுதற்கு எவ்வளவு இடம் எஞ்சும்?" என்று வினவுக. அளவுகோல் கொண்டு அவ்விடத்தை அளந்த பின்னரே கருவியைக் கையிலெடுக்க. இடம் உள்ளளவே சுகம் உண்டு. சக்கரம் நிலத்தைப் பற்றியுள்ளளவே வேகமும் உண்டு.