மின் ஸ்கூட்டர் விபத்துகளும் இழப்பீட்டு உரிமையும்

பாலக்காடு மாவட்டத்தின் வாளையாறு, கோபாலபுரம், மீனாட்சிபுரம் ஆகிய இடங்களிலும், இடுக்கி மாவட்டத்தின் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய இடங்களிலும் சாலைகள் கேரள-தமிழ்நாட்டு எல்லையைக் கடக்கின்றன. பொள்ளாச்சிச் சந்தைக்கு வரும் சித்தூர் வட்டத்து உழவரும், கம்பம், போடி ஆகிய ஊர்களிலிருந்து ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரும் இவ்வெல்லையைத் தாண்டிப் பிழைப்பவர்கள். எரிபொருட் செலவு குறைவு என்பதால் மின் ஸ்கூட்டர்களும் இன்று இச்சாலைகளில் ஓடுகின்றன. இத்தகைய வண்டி மோதி ஒருவர் காயமுற்றால் இழப்பீடு தரவேண்டியவர் யார்? அதை எந்த மன்றத்தில் கேட்பது? வண்டி ஒரு மாநிலத்தையும் விபத்து மற்றொரு மாநிலத்தையும் சார்ந்திருந்தால் வழி என்ன? இவ்வினாக்களுக்குரிய விடைகளைப் பொதுமக்களும் அலுவலரும் அறிந்திருத்தல் நலம்.

வாகனம் எது?

எல்லா மின் ஸ்கூட்டர்களும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்கும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, மின்கலம் நீங்கலாக எடை 60 கிலோகிராமுக்கு மேற்படாமல், அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தின் சான்றும் பெற்ற வண்டி 'மோட்டார் வாகனம்' ஆகாது. அதற்குப் பதிவு, ஓட்டுநர் உரிமம், கட்டாயக் காப்பீடு ஆகிய எவையும் தேவையில்லை. இந்த வரம்பைத் தாண்டிய வண்டிகளுக்கு இவை மூன்றும் கட்டாயம்.

வாங்குவோருக்குச் சலுகையாகத் தோன்றும் இப்பாகுபாடு, காயமுற்றோருக்குப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. மோட்டார் வாகனம் மோதினால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடலாம். காப்பீட்டு நிறுவனம் பணம் செலுத்தும். விலக்குப் பெற்ற வண்டி மோதினால் தீர்ப்பாயத்தின் கதவு திறவாது. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, ஓட்டியவரின் கவனக்குறைவை மெய்ப்பித்து, அவரது சொந்தப் பொருளிலிருந்தே தொகையைப் பெறவேண்டும். அவரும் வறியவராயின் தீர்ப்பு ஏட்டளவில் நின்றுவிடும்.

எனினும், விலக்குப் பெற்ற வண்டியில் சென்றவர் மீது பேருந்தோ லாரியோ மோதினால், மோதியது மோட்டார் வாகனம் ஆதலால், அவர் தீர்ப்பாயத்திலேயே இழப்பீடு கோரலாம்.

குறைந்த திறன் கொண்ட வண்டியின் வேகத்தைப் பின்னர் கூட்டுவது ஆபத்தான வழக்கம். கேரள மோட்டார் வாகனத் துறை 2023ஆம் ஆண்டு விற்பனைக் கூடங்களில் நடத்திய சோதனைகளில் இத்தகைய மாற்றங்கள் வெளிப்பட்டன. வரம்பு மீறியவுடன் வண்டி விலக்கை இழந்து, பதிவும் காப்பீடும் அற்ற மோட்டார் வாகனமாகிவிடுகிறது. விபத்து நேர்ந்தால் முழுத் தொகையும் உரிமையாளர் தலையில் விழும். நிலவரி பாக்கியை வசூலிப்பது போலவே இத்தொகையையும் அவரிடமிருந்து வசூலிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

சட்டம் அளிக்கும் உரிமைகள்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. இழப்பீடு பற்றிய புதிய பிரிவுகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 164ஆம் பிரிவின்படி, தவறு எவருடையது என்று மெய்ப்பிக்காமலேயே, உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாயும் பெறலாம். இதனினும் கூடுதலான தொகை கோருவோர் கவனக்குறைவை மெய்ப்பித்து 166ஆம் பிரிவின் கீழ் மனுச் செய்யலாம். மோதிவிட்டு மறைந்த வாகனம் இன்னதென்று தெரியாதபோது, அரசுத் திட்டத்தின் கீழ் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன.

சிகிச்சைக்கு உடனடிப் பணமில்லாதோர் பொருட்டு 2025 மே மாதம் மத்திய அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. அதன்படி, மோட்டார் வாகன விபத்தில் காயமுற்றோர் விபத்து நாளிலிருந்து ஏழு நாள்வரை, 1.5 லட்சம் ரூபாய் வரையில், குறிப்பிட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம்.

காப்பீட்டின் எல்லைகளும் கருதத்தக்கவை. சட்டம் கட்டாயமாக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, இரு சக்கர வண்டியில் பின்னால் அமர்ந்து செல்பவரைத் தானாகக் காப்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. மேலும், வண்டியை விற்றவர் பதிவைப் பெயர்மாற்றம் செய்யாதிருந்தால், பின்னர் நேரும் விபத்துக்கும் அவரே பொறுப்பாளி என்று 2018இல் அந்நீதிமன்றம் உறுதிசெய்தது. பழைய வண்டிகளை வாங்கி விற்போர் இதனை மனத்தில் கொள்ளவேண்டும். சிறுவர் கையில் வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கு 199அ பிரிவின் கீழ் மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம்.

எல்லையின் இருபுறத்தும்

எல்லைப்புற மக்களுக்குப் பெரிதும் உதவுவது 166ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவு. விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்தில் மட்டுமன்றி, மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலும், எதிர்மனுதாரர் வசிக்கும் இடத்திலும் மனுச் செய்யலாம். குமுளியில் காயமுற்ற கம்பத்துத் தொழிலாளி, தொடுபுழைக்கு மலையேறி இறங்காமல் தேனி மாவட்டத்திலேயே வழக்கை நடத்தலாம். கோபாலபுரத்தில் அடிபட்ட பொள்ளாச்சிக்காரருக்கும் இவ்வாறே.

ஆனால், முதல் தகவல் அறிக்கை விபத்து நடந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில் பதிவாகிறது. கேரளப் பகுதியில் அது மலையாளத்தில் இருக்கும். அதன் படியையும் காயச் சான்றையும் தொடக்கத்திலேயே பெற்று மொழிபெயர்த்து வைத்தல் இன்றியமையாதது. மனுச் செய்ய விபத்து நாளிலிருந்து ஆறு மாதக் கால வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. இவ்வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டுள்ளன எனினும், காலத்தே மனுச் செய்வதே பாதுகாப்பு. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோர் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இலவச சட்ட உதவி பெறும் உரிமை உடையவர்கள்.

தொகை கணக்கிடும் முறை

காயத்தின் அளவைவிட, அதனால் உழைப்புத் திறன் எவ்வளவு குறைந்தது என்பதே முக்கியம் என்று 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று விளக்குகிறது. எடுத்துக்காட்டாக, மாதம் 12,000 ரூபாய் ஈட்டும் 30 வயதுத் தொழிலாளியின் உழைப்புத் திறன் 20 விழுக்காடு குறைந்ததாகக் கொள்வோம். அவரது ஆண்டு வருமானம் 1,44,000 ரூபாய். அவ்வயதுக்குரிய பெருக்கெண் 17. இவற்றைப் பெருக்கி 20 விழுக்காடு கண்டால் 4,89,600 ரூபாய் வரும். வருங்கால வருமான உயர்வு, மருத்துவச் செலவு, வேதனைக்குரிய தொகை ஆகியவை இதனுடன் சேரும். ஏலக்காட்டின் சரிவில் ஏறி வேலை செய்பவரின் கால் முறிவும், மேசையில் அமர்ந்து எழுதுபவரின் கால் முறிவும் ஒரே மதிப்புடையவை அல்ல என்பது இதனால் விளங்கும்.

செய்யத்தக்கவை

மின்கலம் தீப்பற்றுதல், தடை செயலிழத்தல் போன்ற குறைபாடுகளால் தீங்கு நேர்ந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உற்பத்தியாளரிடமும் சில நிலைகளில் விற்பனையாளரிடமும் இழப்பீடு கோரலாம்.

எனினும், விலக்குப் பெற்ற வண்டியால் காயமுற்றவருக்குக் காப்பீட்டுத் துணை இல்லாமை இன்னும் நிரப்பப்படாத இடைவெளியாகும். சாலையில் நடந்து செல்லும் முதியவருக்குத் தம்மீது மோதிய வண்டியின் திறன் 0.25 கிலோவாட்டுக்கு மேலா கீழா என்பது தெரியாது. உடைந்த எலும்புக்கும் அவ்வேறுபாடு இல்லை. இவ்வண்டிகளுக்கும் சிறு கட்டணத்தில் மூன்றாம் நபர் காப்பீட்டை ஏற்படுத்துவது பற்றி அரசு ஆராய்தல் வேண்டும். அதுவரை, வாங்குவோர் சோதனைச் சான்றைக் கேட்டுப் பெறுதலும், விற்போர் வேகத்தைக் கூட்டாதிருத்தலும், எல்லைப்புறக் காவல் நிலையங்கள் வண்டியின் திறனை அறிக்கையில் தவறாது பதிவுசெய்தலும் காயமுற்றோரின் உரிமையைக் காக்கும்.