நெல் ஏற்றும் சிறு சரக்கு வண்டி: பட்டையைக் கவனிக்கவும்

பூம்புகார், மேலையூர், திருவெண்காடு பகுதிகளில் சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் சிறு சரக்கு வண்டிகளுக்கு ஓய்வு கிடையாது. களத்திலிருந்து கொள்முதல் நிலையத்திற்கு நெல், திரும்பும்போது வைக்கோல், இடைப்பட்ட நாட்களில் உர மூட்டை, சிலருக்குத் துறைமுகத்திலிருந்து மீன் என்று ஆண்டு முழுவதும் ஓட்டம்தான். 2005-ஆம் ஆண்டு முக்கால் டன் சுமை தாங்கும் டாட்டா ஏஸ் வந்த பிறகு இத்தகைய வண்டிகள் சிற்றூர்களிலும் பரவின. கடன் பெற்று வண்டி வாங்கிய சிறு விவசாயிக்கு அது நின்றால் தவணையும் நிற்கும். அதை நிறுத்தக்கூடிய கோளாறுகளில் பல, கண்ணில் படாத இடத்தில், பின் அச்சின் மேல் உள்ள பட்டைக் கட்டில் தொடங்குகின்றன.

பழைய வில்வண்டியில் இருந்த அதே தத்துவம்தான் இதிலும் உள்ளது. வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட் போட்டு, அச்சோடு சேர்த்து யு-போல்ட்டுகளால் இறுக்கியிருப்பார்கள். சுமை ஏறும்போது பட்டை நிமிர்கிறது. இறங்கியதும் பழைய வளைவுக்குத் திரும்புகிறது. வளைவு நிரந்தரமாகக் குறைந்துவிட்டால் வண்டியின் பின்புறம் வெறுமையாக இருக்கும்போதே தாழ்ந்து நிற்கும். இதையே பட்டை இறங்கிவிட்டது என்கிறோம்.

இறங்குவதற்கு முதற் காரணம் மூட்டைக் கணக்கு. கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு 40 கிலோ நெல். முக்கால் டன் வண்டியில் சாக்கின் எடையையும் சேர்த்து 18 மூட்டை ஏற்றலாம். அதே வண்டியில் தனியார் வியாபாரிக்காகப் பிடித்த 60 கிலோ மூட்டை 18 ஏற்றினால் 1,080 கிலோ ஆகிறது. மூட்டை எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் 330 கிலோ கூடுதல்! மூட்டையை எண்ணி ஏற்றுவதை விடுத்து எடையைக் கணக்கிட்டு ஏற்றுவதே முறை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பின் அதிக பாரத்திற்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 ரூபாய். ஒரு நடை வாடகையில் மிச்சம் பிடிப்பது எவ்வளவு என்பதை விவசாயிகளே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இரண்டாவது காரணம் துரு. கடலோர ஊர்களில் உப்புக் காற்று போதாதென்று மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்பு கலந்த ஐஸ் தண்ணீர் நேரே பட்டையின் மேல் விழுகிறது. பட்டைகளின் இடையே புகுந்த ஈரம் வெயிலிலும் எளிதில் காய்வதில்லை. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 8 மி.மீ. கனமுள்ள பட்டைகளைத் துரு 7 மி.மீ. ஆக்கினால் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அதே சுமையில் எஃகு தாங்க வேண்டிய அழுத்தமோ சுமார் 30 சதவீதம் கூடுகிறது. துருப்பிடித்த குழியில்தான் வெடிப்பும் தொடங்கும். ஆகவே மீன் நடை முடிந்த அன்றே வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதுபோல் வண்டி வெள்ளத்தில் நின்றால் கிரீஸ் வைக்கும் இடங்கள் அனைத்திலும் புது கிரீஸ் ஏற்றுவதோடு, டிஃபரன்ஷியல் ஆயிலில் தண்ணீர் கலந்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும். கழிவு ஆயிலைப் பட்டையில் அடிக்கும் பழக்கம் பரவலாக உள்ளது. அது துருவைச் சற்றுத் தடுத்தாலும் ரப்பர் புஷ்களை ஊற வைத்துக் கெடுத்துவிடும்.

உயரத்தை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனார் டேப் போதும். சமதளமான சிமெண்டுக் களத்தில் சுமையில்லாமல் வண்டியை நிறுத்தி, டயர்களில் காற்றைச் சரியாக வைத்து, பின்புறத்தை நான்கைந்து முறை அழுத்தி விடவும். பின்னர் சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே பாடியின் விளிம்பு வரை நான்கு சக்கரங்களிலும் அளந்து குறித்துக் கொள்ளவும். சக்கர மையத்திலிருந்து அளப்பதால் டயரின் தேய்மானம் கணக்கைக் கெடுக்காது. வண்டி புதிதாக இருக்கும்போதே இதைச் செய்து ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக் கொண்டால், பின்னாளில் பட்டறையில் சொல்வது சரிதானா என்று பார்க்க உதவும். இடது வலது வித்தியாசம் அரை அங்குலத்தைத் தாண்டினால் ஒரு பக்கத்தில் பட்டை உடைந்திருக்கலாம், அல்லது புஷ் தேய்ந்திருக்கலாம்.

பட்டை இறங்கியதும் பலர் செய்வது கூடுதலாக ஒரு பட்டையைச் செருகுவது. வரப்போரப் பாதையில் அடி தட்டாமல் இருக்கும் என்ற எண்ணமும் இதில் உண்டு. இது தவறான கணக்கு. இவ்வண்டிகளில் தரைக்கு மிக அருகில் இருப்பது பெரும்பாலும் பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் கூடு. அது பட்டைக்கு மேலே இல்லை; சக்கரத்தோடு சேர்ந்தது. பட்டையை எவ்வளவு உயர்த்தினாலும் அந்தக் கூடு ஒரு விரற்கடைகூட உயராது. உயர்வது பாடியும் அதன் மேலுள்ள பாரமும்தான். வைக்கோல் கட்டுகளை உயரமாக அடுக்கி வாய்க்கால் கரையில் திரும்பும் வண்டிக்கு இது கவிழ வழி செய்து கொடுப்பதாகும்.

இன்னொரு ஆபத்து பிரேக்கில் உள்ளது. சில பிக்-அப் வண்டிகளில், பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு கம்பி வழியாகச் சுமையை உணரும் வால்வு உண்டு. பின்புறம் தாழ்ந்தால் சுமை இருக்கிறது என்று கொண்டு பின் சக்கரங்களுக்கு அதிக பிரேக் கொடுக்கும்; உயர்ந்தால் குறைக்கும். கூடுதல் பட்டை போட்ட வண்டி, முழுச் சுமையிலும் தாழாமல் நிற்பதால் வால்வு ஏமாந்து போகிறது. பிரேக் மிகவும் தேவைப்படும் நேரத்தில் பின் பிரேக் குறைந்துவிடும். தயாரிப்பாளரின் அளவிலிருந்து வண்டியை மாற்றுவதைச் சட்டமும் அனுமதிக்கவில்லை. விபத்து நேர்ந்தால் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரலாம்.

ஷாக் அப்சார்பரை மாற்றினால் வண்டி உயரும் என்பதும் தவறு. ஷாக் சுமையைத் தாங்குவதில்லை. பட்டையின் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் வேலை. பள்ளத்தில் இறங்கிய வண்டி மூன்று நான்கு முறை துள்ளினாலோ, ஷாக்கின் மேல் ஆயில் வடிந்து புழுதி அப்பியிருந்தாலோ அதை மாற்றலாம்.

உடைந்த பட்டையை வெல்டிங் வைக்கவே கூடாது. எஃகின் பதம் அந்தச் சூட்டிலேயே போய்விடும். ஒட்டின் அருகிலேயே மீண்டும் உடையும். உலையில் காய்ச்சி வளைத்து அப்படியே ஆறவிடும் பட்டையும் ஓரிரு மாதங்களில் இறங்கிவிடும். புதிய பட்டை வாங்கும்போது பழைய பட்டையையும், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மாடல் விவரத்தையும் கொண்டு செல்வது நல்லது. நுனியை நோக்கிக் கனம் குறைந்து வரும் பாரபோலிக் பட்டை உள்ள வண்டிக்குச் சாதாரணப் பட்டையைக் கலந்து போடக்கூடாது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்து நிற்கும். இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

யு-போல்ட்டுகளும் நட்டுகளும் புதியவையாக இருக்கட்டும். பழையது ஒருமுறை இழுபட்டு நீண்டது. மீண்டும் இறுக்கினால் பிடிக்காது. யு-போல்ட் தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுந்து, அச்சு விலகி, வண்டி நண்டு போல ஒரு பக்கமாக நகரும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முடிவாக இறுக்கிவிட்டால், தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக் கொண்டு விரைவில் கிழியும். சக்கரம் தரையில் ஊன்றி வண்டி தன் உயரத்தில் நின்ற பிறகே இறுக்கும்படி பட்டறையில் சொல்ல வேண்டும். சுமார் 500 கிலோமீட்டர் ஓடியதும் யு-போல்ட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கி, நான்கு சக்கரங்களிலும் உயரத்தை அளந்து அதே தாளில் தேதியுடன் எழுதி வைக்கவும்.