எழுதலாம், தங்காது

சேல்ஸ்ஃபோர்ஸ் படிக்க வருகிறவர்கள் முதல் டெஸ்ட் கிளாஸை ஓட்டி முடித்ததும் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பாஸ்னு வந்துடுச்சு சார், ஆனா நான் இன்சர்ட் பண்ண அக்கவுண்ட் எங்கயுமே காணோமே?" சென்னையில் கே.கே. நகர், அசோக் பில்லர், வடபழனி வட்டாரத்துச் சாப்ட்வேர் பயிற்சி மையங்களில் பாடம் எடுப்பவர்களுக்குப் பழகிப்போன கேள்வி. ரெக்கார்டு காணாமல் போனது பிழை இல்லை, அது அப்படித்தான் போகவேண்டும்.

சேல்ஸ்ஃபோர்ஸ் 1999-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய நிறுவனம். வாடிக்கையாளர் விவரம், ஆர்டர், புகார், பில் என ஒரு வியாபாரத்தின் கணக்கையெல்லாம் தன் சர்வரில் வைத்துக்கொண்டு இணையம் வழியே சேவை தருகிறது. நிறுவனங்கள் தங்கள் தேவைக்கேற்ப நிரல் எழுதிச் சேர்த்துக்கொள்ள 2006-ல் ஏபெக்ஸ் என்ற மொழியை அறிவித்தது. ஆனால் நிஜ வியாபாரம் நடக்கும் புரொடக்‌ஷனில் உட்கார்ந்து ஏபெக்ஸ் கோடை நேராகத் திருத்த முடியாது. சாண்ட்பாக்ஸ் போன்ற தனிச் சூழலில் எழுதி, அங்கிருந்து ஏற்றவேண்டும். ஏற்றும்போது, கோடைச் சோதிக்கும் நிரல்களான டெஸ்டுகள் ஓடும். அவை எல்லாம் தேறவேண்டும். ஏபெக்ஸ் கோடில் குறைந்தது 75 சதவீத வரிகளாவது டெஸ்டில் ஓடியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் கோடு உள்ளே போகாது.

அந்த டெஸ்டுகள் புரொடக்‌ஷனிலேயே, நிஜ வாடிக்கையாளர்களின் கணக்கு இருக்கும் அதே தரவுத்தளத்தின் மேலேயே ஓடுகின்றன. அங்கே ஒரு டெஸ்ட் இருநூறு பொய் ஆர்டர்களைப் போட்டால் என்ன ஆவது? டெஸ்டுகளுக்குச் சில கட்டுப்பாடுகள் இருப்பது இதற்காகத்தான்.

முதல் கட்டுப்பாடு, டெஸ்டில் எழுதியது எதுவும் தங்காது. தரவுத்தளத்தில் எந்த மாற்றமும் ஒரு பரிவர்த்தனைக்குள் நடக்கிறது. எல்லாம் சரியாக முடிந்தால் கமிட், அதாவது நிலைப்படுத்தல். இல்லையென்றால் ரோல்பேக், தொடங்கிய இடத்துக்கே திரும்புதல். சாதாரண நிரல் வெற்றிகரமாக முடிந்தால் கமிட் ஆகும். டெஸ்டோ, தேறினாலும் தேறாவிட்டாலும் ரோல்பேக்தான். ஓடும் நேரத்தில் இன்சர்ட் செய்தது உண்மையாகவே எழுதப்படுகிறது. தேடினால் கிடைக்கும், அதற்கு ஐ.டி. உண்டு, ரெக்கார்டு மாறும்போது தானாக ஓடும் டிரிக்கர்களும் கிளம்பும். முடிந்த கணமே அத்தனையும் ரத்து.

ஆயிரம் ஊழியர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் தரவுத்தளத்தில் ஒருவர் செய்ததை மட்டும் பிரித்தெடுத்து ரத்து செய்வது எளிதல்ல. பரிவர்த்தனை என்ற கருத்துக்கு அடித்தளம் போட்டவர் ஜிம் கிரே. 1998-ல் டூரிங் விருது பெற்றவர். ரத்து செய்யும் வித்தையைச் செப்பமாக்கியதில் ஒரு சென்னைத் தொடர்பு உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் வேதிப் பொறியியல் படித்து 1977-ல் பட்டம் பெற்ற சி. மோகன், பிறகு ஐ.பி.எம்.மின் அல்மாடன் ஆய்வகத்தில் பணியாற்றினார். அங்கே சகாக்களோடு உருவாக்கி 1992-ல் வெளியிட்டதுதான் ஏரீஸ் என்ற முறை. எந்த மாற்றமும் வட்டில் உரிய இடத்தில் பதிவதற்கு முன்னால், "இன்னதை இன்னதாக மாற்றப்போகிறேன்" என்ற குறிப்பு லாக்கில் ஏறிவிடவேண்டும். ரத்து செய்யும்போது அந்தக் குறிப்புகளைப் பின்னிருந்து முன்னாகப் படித்து ஒவ்வொன்றையும் திருப்பவேண்டும். திருப்பியதையும் குறித்து வைக்கவேண்டும். நடுவில் மின்சாரம் போனாலும் திருப்பியதையே மறுபடி திருப்பிவிடக் கூடாது அல்லவா! ஐ.பி.எம்.மின் டிபி2, மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் ஆகியவை இந்த வழியில் வந்தவை. சேல்ஸ்ஃபோர்ஸ் நெடுங்காலம் நம்பியிருந்த ஆரக்கிள், பழைய மதிப்பைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு தன் வழியில் அதே காரியத்தைச் செய்கிறது.

இரண்டாவது கட்டுப்பாடு பார்வைக்கு. 2012-ல் வந்த 24-ஆம் ஏபிஐ பதிப்பு முதல், டெஸ்ட் கோடுக்கு நிறுவனத்தின் நிஜத் தரவு இயல்பாகக் கண்ணில் படாது. யூசர், புரொஃபைல் போன்ற சில மட்டும் தெரியும். தனக்கு வேண்டிய அக்கவுண்ட், ஆர்டர் எல்லாவற்றையும் டெஸ்டே உருவாக்கிக்கொள்ளவேண்டும். 'சீஆல்டேட்டா' என்று எழுதித் திறந்துவிட வழி உண்டு. ஆனால் நிஜத் தரவை நம்பி எழுதிய டெஸ்ட், யாரோ ஒரு ரெக்கார்டை அழித்த அன்று காரணமே இல்லாமல் தோற்கும்.

மூன்றாவது, அளவு. ஒரு பரிவர்த்தனையில் 150 எழுத்துக் கட்டளைகள் (டிஎம்எல்), அவற்றில் மொத்தம் 10,000 ரெக்கார்டுகள், இவ்வளவுதான். இந்த எல்லை டெஸ்டுக்கு மட்டுமல்ல, எல்லா ஏபெக்ஸ் கோடுக்கும். ஒரே சர்வரைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஹவுசிங் போர்டு அடுக்குமாடியில் பொதுத் தொட்டித் தண்ணீரை ஒரு வீட்டார் குழாயைத் திறந்துவிட்டுக் காலி செய்ய விடமுடியாது, அதுபோலத்தான்.

இந்த எல்லை கடிக்கும் இடத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். புதிய ஆர்டர் வந்தால் ஆர்டர் கொடுத்த கடைக்காரரின் பாக்கித் தொகை கூடவேண்டும். புதிதாகப் படித்தவர் எழுதும் டிரிக்கர் இப்படி இருக்கும்: வந்த ஆர்டர்களை ஒரு ஃபார் லூப்பில் சுற்று, ஒவ்வொன்றுக்கும் பாக்கியைக் கூட்டு, உடனே அப்டேட் செய். ஒரே ஒரு ஆர்டரை வைத்து டெஸ்ட் எழுதினால் தேறும், டெஸ்டில் ஓடிய வரிகளின் பங்கான கவரேஜ் நூறு சதவீதம் காட்டும். கோடு புரொடக்‌ஷனுக்குப் போய்விடும். ஒரு நாள் யாரோ எக்செல் கோப்பிலிருந்து ஆர்டர்களை மொத்தமாக ஏற்றுவார்கள். சேல்ஸ்ஃபோர்ஸ் அவற்றை 200 200-ஆக டிரிக்கரிடம் கொடுக்கும். லூப்புக்குள் அப்டேட் இருப்பதால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், 'டூ மெனி டிஎம்எல் ஸ்டேட்மென்ட்ஸ்: 151' என்று நின்றுவிடும். இந்தப் பிழையை டிரை-கேட்ச் போட்டுப் பிடிக்கவும் முடியாது. அதுவரை எழுதிய அனைத்தும் ரத்து. மருந்து எளிதுதான். லூப்புக்குள் பாக்கிகளைக் கூட்டி ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டு, லூப்புக்கு வெளியே வந்து ஒரே அப்டேட். 200 ஆர்டர் இருந்தாலும் ஒரு கட்டளைதான். டெஸ்டில் 200 ஆர்டரைப் போட்டிருந்தால் இந்தக் குறை சாண்ட்பாக்ஸிலேயே அகப்பட்டிருக்கும். 'ஸ்டார்ட்டெஸ்ட்', 'ஸ்டாப்டெஸ்ட்' என்ற இரண்டு வரிகளுக்கு நடுவில் எல்லைகள் புதிதாக எண்ணப்படும். அதனால் முன்னேற்பாட்டுத் தரவைப் போட்ட செலவு, சோதிக்கும் கோடின் கணக்கில் ஏறாது.

இன்னும் சில தடைகள் உண்டு. ரோல் கொடுத்து யூசரை உருவாக்குவதும் அக்கவுண்டை உருவாக்குவதும் ஒரே பரிவர்த்தனையில் கூடாது. யார் எதைப் பார்க்கலாம் என்பதை மாற்றும் எழுத்தும் சாதாரணத் தரவு எழுத்தும் கலந்தால் அனுமதிக் கணக்கு குழம்பும். டெஸ்டில், வேறொரு யூசராக ஓட்டும் 'ரன்ஆஸ்' கொண்டு இரண்டையும் பிரித்துக்கொள்ளலாம். வெளி சர்வரை டெஸ்ட் அழைக்க முடியாது, போலிப் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளவேண்டும். மின்னஞ்சலும் போகாது. நிஜ வாடிக்கையாளருக்குப் பொய்யான "உங்கள் ஆர்டர் ரத்து" செய்தி போய்ச் சேராமல் இருப்பது இதனால்தான்.

எல்லாத் தளங்களும் இதே வழியில் போவதில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் கிரியேட்டரில் டெவலப்மென்ட், ஸ்டேஜ், புரொடக்‌ஷன் என்று மூன்று சூழல்கள் தனித்தனியே இருக்கின்றன. அங்கே பாதுகாப்பு இடத்தைப் பிரிப்பதில். சேல்ஸ்ஃபோர்ஸில் இடத்தைப் பிரிப்பதோடு எழுத்தை ரத்து செய்வதும் சேர்ந்துகொள்கிறது.

அந்த ரத்திலும் ஒரு ஓட்டை உண்டு. ரெக்கார்டு மறைந்துவிடும், ஆனால் அதற்குத் தானாகக் கொடுக்கப்பட்ட வரிசை எண் திரும்பி வராது. டெஸ்ட் 500 முதல் 509 வரை எடுத்துக்கொண்டால், அடுத்த நிஜ ரெக்கார்டு 510-ல் தொடங்கும். வேறெங்காவது என்றால் போகட்டும் எனலாம். நம் நாட்டு ஜிஎஸ்டி விதி 46, பில் எண் தொடர்ச்சியாக இருக்கவேண்டும் என்கிறது. பில் எண்ணை இந்தத் தானியங்கி எண்ணில் விட்டிருக்கும் நிறுவனம், நடுவில் காணாமல் போன பத்து எண்களுக்கு ஆடிட்டரிடம் விளக்கம் சொல்லவேண்டி வரும். டெஸ்ட் அமைப்பில் 'இண்டிபென்டன்ட் ஆட்டோ நம்பர் சீக்வென்ஸ்' என்ற தேர்வைப் போட்டுவிட்டால் டெஸ்டுகள் தனி வரிசையில் எண்ணிக்கொள்ளும்.

எனவே இந்த வேலைக்குப் படிப்பவர்களுக்குச் சொல்ல மூன்று விஷயங்கள். 75 சதவீதத்தை எட்டுவதற்காக மட்டும் டெஸ்ட் எழுதாதீர்கள்; கவரேஜ் வரி ஓடியதைச் சொல்லுமே தவிர, விடை சரியா என்று சொல்லாது. அதைச் சொல்வது, விடையைச் சரிபார்க்கும் அசர்ட் வரிகள்தான். எப்போதும் 200 ரெக்கார்டு வைத்துச் சோதியுங்கள். பில் எண் உள்ள இடமென்றால் அந்தத் தேர்வைப் போட்டுவிட்டே டெஸ்டை ஓட்டுங்கள்.