மாருதி 800-இல் பிறந்த பந்தயக் கார்

புன்னைக்காயல் கரையில் ஏற்றி வைத்திருக்கும் வள்ளத்தின் உடலைக் கட்டியவர் ஒருவர். பின்னால் மாட்டியிருக்கும் எஞ்சின் கம்பெனிச் சரக்கு. கோளாறு என்றால் தூத்துக்குடியில் உதிரிபாகம் கிடைக்கும், பிரித்துப் பார்க்கவும் ஆள் உண்டு. கோயம்புத்தூர்க்காரரான எஸ். கரிவரதன் 1980-களின் கடைசியில் பந்தயக் கார் செய்யப் போட்ட கணக்கும் இதுதான். உடலை நாம் கட்டிக்கொள்வோம்; எஞ்சின் ஊரெல்லாம் ஓடுகிற காரிலிருந்து வரட்டும்.

அதுவரை இங்கே கார் பந்தயம் என்பது வசதி படைத்தவர்களின் விளையாட்டு. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்தது. கையில் இருந்த ஃபியட்டையும் ஹெரால்டையும் முடுக்கிக்கொண்டு வந்தவர்கள் ஒரு பக்கம். மறுபக்கம், விஜய் மல்லையா ஓட்டிய பழைய ஃபார்முலா ஒன் என்சைன் போன்ற இறக்குமதிக் கார்கள். இவை இரண்டும் ஒரே ஓடுதளத்தில் ஓடினால் கூட்டத்துக்குக் கொண்டாட்டம்தான். யார் நல்ல ஓட்டுநர் என்பது மட்டும் தெரியவே தெரியாது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், நாற்பது குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவு. காய்கறி வாங்கப் போகிற கார் என்று சிரிக்கலாம். ஆனால் கூரை, கதவு, பின்சீட்டு, கண்ணாடி எல்லாவற்றையும் கழித்துவிட்டு, எஃகுக் குழாய்ச் சட்டத்தில் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் அதே எஞ்சினைப் பொருத்தி, மேலே ஃபைபர் கிளாஸ் உடலை மூடினால் கதை வேறு. இழுக்க வேண்டிய எடை பெருமளவு குறைகிறது. ஓட்டுநர் தரையோடு தரையாகக் கிடக்கிறார். வண்டி வளைவில் அதிகம் சாய்வதில்லை. இதுதான் ஃபார்முலா மாருதி. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஃபிஸ்மி’ என்றும் அழைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார் என்பதால் பணத்தைக் கொட்டி முந்த வழி குறைவு.

சிறிய எஞ்சினைச் சிக்கனம் என்று மட்டும் பார்ப்பது தவறு. என்னைக் கேட்டால் அதுதான் நல்ல வாத்தியார். பலமான எஞ்சின் உள்ள காரில் வளைவில் தடுமாறினாலும், வெளியே வந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்து இழந்ததை மீட்டுவிடலாம். நாற்பது குதிரைத்திறனில் அந்தச் சலுகை கிடையாது. வளைவில் தேவையில்லாமல் ஒரு கணம் பிரேக் பிடித்தால், அடுத்த நேர்சாலை முழுக்க அதற்கு வட்டி கட்ட வேண்டும். இன்னொரு பாடம் காற்றோடு. காற்றின் தடையை வெல்வதற்கு மட்டும், வேகம் இரு மடங்கானால் எட்டு மடங்கு திறன் வேண்டும். அதனால் முன்னே போகிறவர் காற்றைக் கிழிக்க, அவர் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறவருக்குத் தடை குறைகிறது. சரியான நேரத்தில் விலகி முந்துகிறார். முந்தப்பட்டவர் அடுத்த சுற்றில் அதையே திருப்பிச் செய்வார்.

1990-இல் பந்தயம் சோழவரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைக்கு, கிளப்பின் சொந்தத் தடத்துக்கு மாறியது. கோவையிலிருந்து வந்த நரேன் கார்த்திகேயன் அங்கே ஃபார்முலா மாருதியில்தான் தன் முதல் பந்தயத்தை ஓட்டினார்; முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரும் அவரே.

இந்த யோசனைக்கு வெளிநாட்டில் முன்னோடிகள் உண்டு. 1963-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஃபார்முலா வீ, ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் எஞ்சினை வைத்து ஓடியது. நிக்கி லாடாவும் கேகே ரோஸ்பெர்கும் அதில் பழகியவர்கள். 2006-இல் தொடங்கிய ‘லெமன்ஸ்’ பந்தயம் இன்னும் குறும்பு: காரின் விலை 500 டாலரைத் தாண்டக்கூடாது என்பது விதி.

கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் 2003-இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே இன்று ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 கார்களிலும் மாருதி எஞ்சின்தான், 1300 சிசி.

மலிவு என்றாலும் மாதச் சம்பளக்காரர் யோசிக்காமல் இறங்கும் மலிவு இல்லை. எஞ்சின் விலையைக் கட்டுப்படுத்திவிடலாம். டயர் தேய்வதையும், மோதி நொறுங்கிய மூக்கையும், பயிற்சிக்கான தட வாடகையையும் என்ன செய்வது? கார் வாங்காமல், பந்தயத்துக்குப் பந்தயம் அணியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டுவது பலர் கண்ட வழி. அதற்கும் புன்னைக்காயல்காரர் செட்டிப்பாளையம் போக 350 கிலோமீட்டருக்கு மேல் பயணப்பட வேண்டும்.

வீட்டில் நிற்கிற காரே போதும் என்கிற போட்டி ஒன்று இருக்கிறது: டிஎஸ்டி (நேரம், வேகம், தூரம்) ராலி. ஓட்டுநர் ஒருவர், பக்கத்தில் வழி சொல்லும் நேவிகேட்டர் ஒருவர். கையில் கொடுத்த வழிக்குறிப்பைப் பார்த்து, எந்தப் பகுதியை எந்தச் சராசரி வேகத்தில் கடக்கச் சொல்லியிருக்கிறார்களோ அந்த வேகத்திலேயே பொதுச்சாலையில் போக வேண்டும். சோதனைச் சாவடிகள் எங்கே என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். தாமதமாக வந்தால் தண்டப்புள்ளி, சீக்கிரம் வந்தாலும் தண்டப்புள்ளி.